பெரிய நிலநடுக்கம் நின்னதுக்கு அப்புறம்: ஜப்பான்ல குடும்பத்தோட இருக்கறவங்க முதல் ரெண்டு வாரத்த ஓட்டறது எப்படி

குலுங்கும்போது மேஜைக்கு அடியில போ, தலைய மூடிக்கோ, இதெல்லாம் வார்டு ஆபீஸ்ல குடுக்கற புத்தகத்துலயே படம் போட்டு இருக்கு, குழந்தைங்களுக்கு ஸ்கூல்லயே பழக்கிடுவாங்க. நான் எழுதப்போறது அதப்பத்தி இல்ல. ஆட்டம் நின்னு, எல்லாரும் உசிரோட இருக்கோம்னு தெரிஞ்சு, அதுக்கப்புறம் ராத்திரி சோறு எப்படி, டாய்லெட் எப்படி, ஊர்லேர்ந்து அழுதுகிட்டே போன் பண்ற மாமியாருக்கு என்ன சொல்றது, இத யாரும் நமக்கு சொல்லித் தரல. 2011 மார்ச் 11 வெள்ளிக்கிழமை மத்தியானம் 2:46-க்கு நான் டோக்கியோ நிஷிகசாய்ல ஆறாவது மாடியில 7 மாசப் பொண்ணுக்கு கேரட் மசிச்சு ஊட்டிட்டு இருந்தேன். அந்த ரெண்டு வாரத்துல கத்துக்கிட்டது, தப்புப் பண்ணித் தெரிஞ்சுக்கிட்டது, அப்புறம் குமமோட்டோ, நோட்டோன்னு அடுத்தடுத்து வந்ததப் பாத்துப் புரிஞ்சது எல்லாத்தையும் புதுசா வர்றவங்களுக்காக சேத்து எழுதறேன்.

ஊர்லேர்ந்து பேசறவங்க ரிக்டர் எவ்ளோன்னு கேப்பாங்க. இங்க நீங்க பாக்க வேண்டியது சிந்தோ. அது உங்க இடத்துல எவ்ளோ ஆடுச்சுங்கற கணக்கு, 0-லேர்ந்து 7 வரைக்கும், அதுல 5-க்கும் 6-க்கும் மட்டும் கம்மி, கூட-ன்னு ரெண்டு ரெண்டு படி. 2011-ல மேக்னிடியூட் 9.0, ஆனா டோக்கியோல சிந்தோ 5-ல 'கூட' படி, மியாகில ஒரு இடத்துல 7. அதனால டிவில பெரிய நம்பரப் பாத்து பயப்படவும் வேணாம், சின்ன நம்பரப் பாத்து அலட்சியமாவும் இருக்க வேணாம். இன்னொண்ணு, முதல்ல வந்ததுதான் பெருசுன்னு நினைச்சுக்காதீங்க. 2016 குமமோட்டோல ஏப்ரல் 14 ராத்திரி 6.5 வந்துச்சு, சரி முடிஞ்சுதுன்னு வீட்டுக்குத் திரும்பிப் போய் படுத்தவங்க இருந்தாங்க, 16-ஆம் தேதி விடிகாலைல 7.3 வந்துச்சு. சுவத்துல பெரிய விரிசல் விட்ட வீட்ல முதல் ரெண்டு மூணு ராத்திரி படுக்கவே படுக்காதீங்க.

ஆட்டம் நின்னதும் முதல் வேலை செருப்பு. சிரிக்காதீங்க, வீட்டுக்குள்ள செருப்பு போடாத பழக்கம் நமக்கும் உண்டு, ஜப்பான்காரங்களுக்கும் உண்டு, கிச்சன் ஷெல்ஃப்ல இருந்த கண்ணாடி பாட்டில் எல்லாம் தரையில, கையில குழந்தை வேற. எனக்கு ஊறுகா பாட்டில் உடைஞ்சு எண்ணையும் கண்ணாடியுமா கலந்து கிடந்துச்சு, அத தொடைக்கவே மறுநாள் ஆச்சு. கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு பழைய ஷூவும் டார்ச்சும் எப்பவும் இருக்கட்டும்.

அப்புறம் வாசக்கதவத் திறந்து எதாவது முட்டுக்குடுத்து வைங்க, நிலை கோணிக்கிட்டா அப்புறம் திறக்காது. லிஃப்ட் பக்கமே போகாதீங்க. அது தானா நின்னிருக்கும், ஆள் வந்து செக் பண்ணி ஓட விடற வரைக்கும் படிதான்.

கேஸ் நின்னு போச்சுன்னு பதறாதீங்க, அது ரிப்பேர் இல்ல. இங்க மீட்டர்லயே ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கு, சிந்தோ 5 வாக்குல ஆடுச்சுன்னா தானா கேஸ நிறுத்திடும். எங்க பில்டிங்ல பாதி பேர் கேஸ் கம்பெனிக்கு போன் போட்டு லைன் கிடைக்காம உக்காந்திருந்தாங்க, பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து 5 நிமிஷத்துல சரி பண்ணிக் காட்டினாங்க. கேஸ் வாசனை வந்தா மீட்டரத் தொடவே கூடாது, ஃபேன் ஸ்விட்ச் கூட போடாம ஜன்னலத் திறந்துட்டு வெளிய வந்துடணும். வாசனை இல்லன்னா அடுப்பு, ஹீட்டர், வெந்நீர் மெஷின் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. வாசக்கதவுக்குப் பக்கத்துல இரும்புக் கதவு போட்ட ஒரு அலமாரி மாதிரி இருக்கும், மீட்டர் அதுக்குள்ள. கருப்பு மூடியத் திருகி எடுத்துட்டு உள்ள இருக்கற பட்டன நல்லா அழுத்தி விடுங்க, சிவப்பு லைட் மினுக்க ஆரம்பிக்கும், 3 நிமிஷம் எதையும் தொடாம நில்லுங்க, லைட் நின்னா கேஸ் வந்தாச்சு. மறுபடி மினுக்கிட்டே இருந்தா எங்கயோ லீக்கு, விட்டுட்டு ஆளக் கூப்பிடுங்க. இத இன்னிக்கே ஒரு தடவை மீட்டர் எங்க இருக்குன்னு போய் பாத்துட்டு வந்துடுங்க, டார்ச் வெளிச்சத்துல தேடறது கஷ்டம்.

கரண்ட் போயிருந்தா, வீட்ட விட்டுக் கிளம்பும்போது மெயின் பிரேக்கர இறக்கிட்டுப் போங்க. 1995 கோபே நிலநடுக்கத்துல கரண்ட் திரும்ப வந்தப்ப கவுந்து கிடந்த ஹீட்டர், அறுந்த வயர் எல்லாம் பத்திக்கிட்டு ஆளில்லாத வீடுங்க எரிஞ்சிருக்கு.

குழந்தைய ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வர்றது. இங்க ஸ்கூல்ல நீங்களோ நீங்க எழுதிக் குடுத்த ஆளோ நேர்ல வர்ற வரைக்கும் புள்ளைய அனுப்ப மாட்டாங்க, ராத்திரி ஆனாலும் டீச்சர் கூடவே இருப்பாங்க. அதனால அலறி அடிச்சுக்கிட்டு ஓட வேணாம், ஆனா அந்த ஃபார்ம்ல ரெண்டு பேருக்கும் மேல பேரு எழுதி வைங்க. நாங்க புருஷன் பொண்டாட்டி பேரு மட்டும் எழுதியிருந்தோம். அவர் நிஹொன்பாஷி ஆபீஸ்ல மாட்டிக்கிட்டாரு, அன்னிக்கு ட்ரெயின் எல்லாம் நின்னு போச்சு, கடைங்கள்ல சைக்கிள் கூட வித்துத் தீந்துடுச்சுன்னு சொன்னாங்க, அவர் ஜனத்தோட ஜனமா நடந்து அராகவா ஆத்துப் பாலத்தத் தாண்டி வீட்டுக்கு வரும்போது மணி எட்டரை. அதுக்குள்ள நான் பொண்ண நெஞ்சுல கட்டிக்கிட்டு ஆறு மாடி இறங்கி, பையன் ஸ்கூல் போய், பஞ்சு வச்ச தலை உறை மாட்டிக்கிட்டு போர்வைக்குள்ள உக்காந்திருந்தவனக் கூட்டிட்டு, திரும்ப ஆறு மாடி ஏறினேன். அடுத்த மாசமே எதிர் பில்டிங் தமிழ்க் குடும்பம் பேரையும் எழுதிட்டோம், அவங்க புள்ளைக்கு எங்க பேரு.

போன் விஷயம். அன்னிக்கு செல்போன் கால் போகவே இல்ல, ஆனா நெட் ஓடுச்சு, ஸ்கைப்ல மதுரைக்குப் பேச முடிஞ்சுது, ஆறு ஸ்டேஷன் தள்ளி இருக்கற புருஷனுக்குப் பேச முடியல. லைன் ஆப் வந்ததே அதுக்கு மூணு மாசம் கழிச்சு ஜூன்லதான். இப்ப உங்ககிட்ட லைன், வாட்ஸ்அப் எல்லாம் இருக்கு, ஆனாலும் பேரிடர் சமயத்துல சேதி பேசி வைக்கற 171 நம்பரத் தெரிஞ்சு வச்சுக்கோங்க. 171 அடிச்சு, பேசி வைக்கணும்னா 1, கேக்கணும்னா 2, அப்புறம் உங்க வீட்டு நம்பரோ செல் நம்பரோ, 30 செகண்ட் பேசலாம். எந்த நம்பர்ல வைக்கறதுன்னு வீட்ல முன்னாடியே பேசிக்கணும், இல்லன்னா ஆளுக்கொரு நம்பர்ல பேசி வச்சுட்டு ஒருத்தருது ஒருத்தருக்குக் கேக்காது. மாசாமாசம் 1-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும் பழகிப் பாக்க விடுவாங்க. பச்சைக் கலர் பொது போன் ஸ்டேஷன்ல இன்னும் இருக்கு, பர்ஸ்ல 10 யென் காசு நாலு கிடக்கட்டும். பெரிய பேரிடர்னா 00000JAPAN-ங்கற பேர்ல ஃப்ரீ வைஃபை திறந்து விடுவாங்க, பாஸ்வேர்டு கிடையாது, அதனாலயே அதுல பேங்க் வேலை எல்லாம் பண்ணாதீங்க.

ஊர்ல இருக்கறவங்க பாடு வேற. அங்க டிவில ஒரே கடலலையும் ஃபுகுஷிமா அணு உலை வெடிக்கறதும்தான் திரும்பத் திரும்ப ஓடும், டோக்கியோவுக்கும் அதுக்கும் 200 கிலோமீட்டருக்கு மேலன்னு அவங்களுக்குத் தெரியாது. எங்க மாமியார் ஒரு நாளைக்கு பதினோரு தடவை கூப்பிட்டாங்க. "ஏம்மா, புள்ளைங்களயாவது அனுப்பி வச்சுடேன்"னு ஒவ்வொரு தடவையும் அழுகை, நான் அழுகை, பாத்துட்டு பையன் அழுகை. நாலாவது நாள் கொழுந்தனார்கிட்ட சொன்னேன், நீங்க ஒருத்தர் மட்டும் எங்ககிட்ட கேளுங்க, தினம் காலைல ஒரு மெசேஜ், ராத்திரி ஒரு மெசேஜ் நான் போடறேன், சித்தப்பா பெரியப்பா எல்லாருக்கும் நீங்க சொல்லுங்கன்னு. போன் சார்ஜும் மிச்சம், மனசும் மிச்சம். இத முதல் நாளே பண்ணிடுங்க.

இப்ப தண்ணி. எங்க ஏரியாவுல தண்ணி நிக்கல, ஆனா பக்கத்துலயே ஷின் உரயாசுல இருந்த என் ஃப்ரெண்டு வீட்ல நின்னு போச்சு. அது கடல நிரப்பி உண்டாக்கின நிலம், ஆடின ஆட்டத்துல மண்ணுக்குள்ள இருந்த தண்ணியும் மணலும் கொழகொழன்னு மேல வந்துடுச்சு, ரோடு பூரா சேறு, மேன்ஹோல் எல்லாம் இடுப்பு உசரத்துக்கு வெளிய நீட்டிக்கிட்டு நின்னுது. வீடு சாயல, விரிசல் இல்ல, ஆனா குழாய்ல தண்ணி இல்ல, சாக்கடையும் இல்ல, வாரக்கணக்குல.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர்னு கணக்கு, கொறஞ்சது 3 நாளைக்கு, முடிஞ்சா ஒரு வாரத்துக்கு. நாலு பேருக்கு ஒரு வாரம்னா 84 லிட்டர், 2 லிட்டர் பாட்டில் 42. வீட்ல எங்க வைக்கறதுன்னு கேப்பீங்க, கட்டிலுக்கு அடியில. தண்ணி லாரி வரும், பக்கத்து ஸ்கூல் கிரவுண்டுக்கு. மெட்ராஸ்ல மெட்ரோ வாட்டர் லாரி பின்னாடி குடத்தத் தூக்கிட்டு ஓடி வளந்தவ என் ஃப்ரெண்டு, இங்க அதே லாரி, ஆனா ஒரு சத்தம் இல்ல, ஒரு சண்டை இல்ல, முந்நூறு பேர் வாயத் திறக்காம நிக்கறாங்க, அதுதான்டி பயமா இருந்துச்சுன்னா. லாரியில பாத்திரம் தர மாட்டாங்க, நீங்கதான் கொண்டு போகணும். 20 லிட்டர் கேன் வாங்கி வைக்காதீங்க, ரொம்பினா 20 கிலோ, லிஃப்ட் இல்லாம தூக்க முடியாது. 10 லிட்டர்ல ரெண்டு வாங்குங்க, குழாய் வச்சது. கேன் இல்லன்னா முதுகுப் பையில ரெண்டு குப்பைக் கவர ஒண்ணுக்குள்ள ஒண்ணா போட்டு அதுல புடிச்சு முடிச்சுப் போட்டு தூக்கிட்டு வரலாம், கை ரெண்டும் ஃப்ரீயா இருக்கும்.

டாய்லெட்ட பத்தி நம்ம ஆளுங்க பேசவே கூச்சப்படுவாங்க, ஆனா சாப்பாட்ட விட இதுதான் முதல்ல கழுத்தப் புடிக்கும். பாத்டப்ல தண்ணி இருக்கு, வாளில மொண்டு ஊத்தி ஃப்ளஷ் பண்ணிக்கலாம்னு தோணும், பண்ணாதீங்க. அபார்ட்மெண்ட்ல பைப் எங்கயாவது உடைஞ்சிருந்தா நீங்க ஆறாவது மாடியில ஊத்தினது கீழ் வீட்டுக்காரர் பாத்ரூம்ல வந்து நிக்கும். பைப் சரியா இருக்குன்னு பில்டிங்ல சொல்ற வரைக்கும் கவர்தான். 45 லிட்டர் குப்பைக் கவர் ஒண்ண டாய்லெட் கிண்ணத்துல போட்டு சீட்ட இறக்குங்க, இது அப்படியே இருக்கும். அது மேல இன்னொரு கவர், அதுக்குள்ள கிழிச்ச பேப்பரோ குழந்தை டயப்பரோ, இல்ல கடையில விக்கற கெட்டியாக்கற பவுடரோ. ஆனதும் மேல் கவர மட்டும் காத்து இல்லாம முறுக்கிக் கட்டி, மூடி போட்ட வாளில போட்டு பால்கனியில வைங்க. இதுல தண்ணி ஊத்திக் கழுவற நம்ம பழக்கம் செல்லாது, கவர்ல தண்ணி சேந்தா கட்டவே முடியாது. வெட் டிஷ்யூ நெறைய வாங்கி வைங்க, மனச ஆறு நாளைக்குத் தேத்திக்கோங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 தடவைன்னு கணக்கு போட்டா நாலு பேருக்கு ஒரு வாரத்துக்கு 140 கவர். நான் இத எழுதினா ஓவரா இருக்கேன்னு நினைப்பீங்க. 2024 ஜனவரி 1 நோட்டோ நிலநடுக்கத்துக்கு அப்புறம் சில ஊர்ல மாசக்கணக்குல தண்ணி வரல.

சாப்பாடு. கடையில முதல்ல காலியாகறது ரொட்டி, அரிசி, கப் நூடுல்ஸ், பேட்டரி, டாய்லெட் பேப்பர். நாங்க சனிக்கிழமை காலைல சூப்பர் மார்க்கெட் போனப்ப ஷெல்ஃப் துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. நம்ம சமையலறை இந்த விஷயத்துல குடுத்து வச்சது. அவல் ஒரு கிலோ இருந்தா அடுப்பே வேணாம், தண்ணி தெளிச்சு ஊற வச்சு உப்பும் ஊறுகாவும் போதும், குழந்தைக்குன்னா சக்கரை. சத்து மாவு, பொட்டுக்கடலை, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த ரவை, இதெல்லாம் நம்ம பாட்டிங்க யாத்திரைக்குக் கட்டிக்கிட்டுப் போனதுதான். ஃப்ரிட்ஜ்ல இருக்கறத முதல்ல தின்னு தீருங்க, அப்புறம் ஃப்ரீசர், அரிசி பருப்பு கடைசில.

சின்ன கேஸ் அடுப்பு, கசெட்டோ கொன்ரோன்னு கேளுங்க, அவசியம் வாங்குங்க. ஒரு டின் 250 கிராம், முழு தீயில ஒரு மணி நேரம் வாக்குல வரும், ஒரு ஆறு டின்னாவது இருக்கட்டும். பருப்ப ராத்திரியே ஊற வச்சு, குக்கர்ல ரெண்டு விசில் விட்டு, இறக்கி, பெரிய துண்டுல சுத்தி வச்சா மீதிய அதுவே வேக வச்சுக்கும், கேஸ் பாதிதான் ஆகும். தட்டு கழுவத் தண்ணி இல்லாதப்ப, தட்டு மேல ப்ளாஸ்டிக் ராப் ஒட்டி அதுல சாப்ட்டு உரிச்சுப் போட்டுடுவாங்க ஜப்பான்காரங்க, வாழை இலை தத்துவம்தான், எடுத்து மடிச்சா வேலை முடிஞ்சுது.

சைவமா இருக்கறவங்க கொஞ்சம் கூட யோசிக்கணும். முகாம்ல, அதாவது ஹினான்ஜோல, குடுக்கற சோத்து உருண்டையில மீன் இருக்கும், கப் நூடுல்ஸ்ல பன்னியோ கோழியோ இருக்கும், வரிசையில நின்னு வாங்கி பிரிச்சுப் பாத்துட்டு முழிக்கறது பாவம். நடுவுல புளிப்பா உமெபோஷி, அதாவது உப்புல ஊறின பழம், வச்ச உருண்டைன்னா அனேகமா ஆபத்தில்ல. நீங்களே வாங்கி வைக்க நல்லது அல்ஃபா அரிசி, வேக வச்சுக் காய வச்ச சோறு, வெந்நீர் ஊத்தினா 15 நிமிஷம், பச்சைத்தண்ணின்னா ஒரு மணி நேரம், வெள்ளை சோறுன்னு பாத்து வாங்குங்க, பொடி போட்டுப் பிசைஞ்சா நம்ம சாப்பாடு. "நிகு தோ சகானா வா தபெரரெமாசென்", கறியும் மீனும் சாப்பிட மாட்டோம், இத ஒரு சீட்டுல எழுதி வச்சுக்கோங்க. வீடு நல்லா இருந்து வீட்லயே தங்கினாலும் முகாம்ல பேரு பதிஞ்சா தண்ணி, சாப்பாடு, தகவல் கிடைக்கும், விசா எதுவா இருந்தாலும் சரி. நமக்கு உரிமை இருக்கான்னு தயங்கி உக்காந்திருக்காதீங்க.

அடுத்தது பால்குடிக் குழந்தை. 2011 மார்ச் 23 அன்னிக்கு, டோக்கியோ குழாய்த் தண்ணியில கதிரியக்க அயோடின் கிலோவுக்கு 210 பெக்கரல் (கதிரியக்கத்த அளக்கற அளவு) இருக்கு, குழந்தைங்களுக்கு 100 தான் அளவு, ஒரு வயசுக்குக் கீழ குடுக்காதீங்கன்னு அறிவிச்சாங்க. எங்க வார்டுக்கு வர்ற கனமாச்சி சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணிதான் அது. சாயங்காலத்துக்குள்ள கடையில ஒரு பாட்டில் இல்ல. நான் பண்ண முட்டாள்தனம், கொதிக்க வச்சா போயிடும்னு அரை மணி நேரம் கொதிக்க வச்சேன். அயோடின் கொதிச்சுப் போகாது, தண்ணிதான் வத்தும். மறுநாள் 79-க்கு இறங்கிடுச்சு, தடையும் எடுத்தாங்க, குழந்தைக்கு மூணு 550 மில்லி பாட்டில் வார்டுல குடுத்தாங்க. அந்த ஒரு ராத்திரி நான் கட்டிலுக்கு அடியில பாட்டில் வச்சிருந்திருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பேன். வெளிநாட்டு மினரல் வாட்டர் சிலது ரொம்பக் கடினமான தண்ணி, பால் பவுடர் கலக்க ஆகாது, உள்ளூர் மென்தண்ணியா வாங்குங்க. தாய்ப்பால் குடுக்கறவங்க பயத்துல நிறுத்தாதீங்க.

கரண்ட் வெட்டும் வரலாம். அப்ப மார்ச் 14-லேர்ந்து ரெண்டு வாரம் ஏரியாவ அஞ்சு குரூப்பா பிரிச்சு ஒவ்வொரு தடவை 3 மணி நேரம் வாக்குல நிறுத்தினாங்க, எங்க பக்கம் தப்பிச்சுது, யோகோஹாமா ஃப்ரெண்ட்ஸ் மாட்டினாங்க. நம்ம ஊர்ல இன்வெர்ட்டர் இல்லாத காலத்துல இருந்தவங்களுக்கு இது ஜுஜுபி.

தூக்கம்தான் எனக்கு ரொம்ப நாள் வரல. பின்னதிர்வு, யோஷின்-னு சொல்லுவாங்க, நாளைக்கு எத்தனையோ வரும், போன்ல அந்த அலாரம் அடிச்சா வயிறு கலங்கும். ஆடாதப்பவும் ஆடற மாதிரியே இருக்கும், அதுக்கு ஜிஷின் யோய், அதாவது நிலநடுக்க மயக்கம்னு பேரே வச்சிருக்காங்க, கப்பல்ல வர்ற மயக்கம் மாதிரி. நான் மேஜை மேல பாதி தண்ணி ஊத்தின பாட்டில் ஒண்ணு வச்சிருந்தேன், தண்ணி அசைஞ்சா நிஜம், அசையலன்னா என் தலைக்குள்ள, உடனே திரும்பிப் படுத்துடுவேன். பையன் பொம்மை எல்லாத்தையும் அடுக்கி "ஜிஷின், ஜிஷின்"னு கத்தி தட்டி விட்டு விளையாடிட்டே இருந்தான், நான் திட்டினேன், அவன் டீச்சர்தான் விடுங்க, அப்படித்தான் பயத்த வெளிய கொட்டுவாங்கன்னாங்க. டிவிய மட்டும் அணைச்சிடுங்க. கார்ல படுக்கறவங்க கால நீட்டிப் படுங்க, அப்பப்ப இறங்கி நடங்க, தண்ணி குடிங்க, குமமோட்டோல கார்லயே தூங்கி கால்ல ரத்தம் கட்டி இறந்தவங்க இருக்காங்க.

ஊருக்குப் போறதா இருக்கறதான்னு வீட்டுக்கு வீடு சண்டை வரும். நாங்க இருந்தோம், பில்டிங்ல இருந்த நாலு தமிழ்க் குடும்பத்துல மூணு கிளம்பிட்டாங்க, ஓடிப்போனவங்கன்னு பேச்சு வேற, அதெல்லாம் காதுல வாங்காதீங்க. போறதுன்னா ஆபீஸ்க்கும் ஸ்கூலுக்கும் ஒரு வரி சொல்லிட்டுப் போங்க, சொல்லாம போனதுதான் திரும்பி வந்தப்ப பிரச்சனை ஆச்சு. அப்ப ரீ-என்ட்ரி பர்மிட்டுக்கு ஷினகவா இமிக்ரேஷன் ஆபீஸ்ல நாள் பூரா க்யூ, 2012 ஜூலைக்கு அப்புறம் ஒரு வருஷத்துக்குள்ள திரும்பறதா இருந்தா ஏர்போர்ட்ல குடுக்கற சீட்டுல டிக் அடிச்சா போதும். அந்த டிக்க மட்டும் மறக்காதீங்க, மறந்தா விசா போச்சு.

வீட்ல சேதம் இருந்தா, பெருக்கறதுக்கு முன்னாடி போட்டோ. எனக்கு இது தெரியாம ரெண்டே மணி நேரத்துல வீட்ட பளிச்சுன்னு ஆக்கிட்டேன். வீட்ட நாலு பக்கமும் தள்ளி நின்னு, உள்ள விரிசல், உடைஞ்சது எல்லாம் கிட்டக்க. இத வச்சு முனிசிபல் ஆபீஸ்ல ரிசாய் ஷோமெய்ஷோன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கணும், நிவாரணப் பணம், வரிக் குறைப்பு எல்லாத்துக்கும் அதுதான் கேப்பாங்க, வாடகை வீட்ல இருக்கறவங்களும் வாங்கலாம். வாடகைக்கு வரும்போது கையெழுத்துப் போட்ட தீ இன்ஷூரன்ஸ் நிலநடுக்கத்துக்கு செல்லாது, நிலநடுக்கத்தால புடிச்ச தீக்குக் கூட செல்லாது, அதுக்குத் தனியா சேக்கணும், அதுவும் தீ இன்ஷூரன்ஸ் தொகையில 30-லேர்ந்து 50 சதவீதம் வரைக்கும்தான் எடுக்க முடியும்.

வாசல்ல தொங்கற பையில பாஸ்போர்ட் காப்பி, மெடிக்கல் கார்டு, போஷி தெச்சோ (தாய் சேய் நல நோட்டு), மருந்து நோட்டு, ஆயிரம் யென் நோட்டா கொஞ்சம் பணம். வருஷத்துல ரெண்டு நாள், மார்ச் 11-லயும் செப்டம்பர் 1-லயும், கட்டிலுக்கு அடியில இருக்கறத எல்லாம் வெளிய எடுத்து தேதி பாக்கறோம். போன செப்டம்பர்ல அவல் மூணு பாக்கெட் தேதி முடியற நிலைமை, ஒரு வாரம் பூரா காலைல அவல் உப்புமாதான், வீட்ல ஒருத்தரும் என்கூட பேசல.